நகரியில் காந்தப் பாய் டெமோ: நைனாவின் முழங்காலுக்கு வாங்கலாமா?

தறிச்சத்தம் (நகரி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சில வாரமாக இலவச டெமோ நடக்கிறது. துடிப்பு மின்காந்த சிகிச்சையாம், சுருக்கமாக பி.இ.எம்.எஃப். என்கிறார்கள். பாயில் படுக்க வைத்து முழங்காலுக்கு ஒரு வளையமும் மாட்டுகிறார்கள். சுடுவதும் இல்லை, ஷாக் அடிப்பதும் இல்லை.

என் நைனா விசைத்தறி முன்னால் நின்றே காலத்தை ஓட்டியவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாக எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சர்க்கரையும் உண்டு. தினமும் காலையில் அங்கே போய்ப் படுத்துவிட்டு வந்து, "வலி பரவாயில்லடா" என்கிறார். இப்போது பாயை வாங்கச் சொல்லி நெருக்குகிறார்கள். விலை ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம்.

பேசுகிறவர் பாதி தெலுங்கு, பாதி தமிழ். அவர் சொன்னவை: ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும். பூமியின் காந்தம் குறைந்து போனதால்தான் இத்தனை நோய். நாசாவே ஒப்புக்கொண்டுவிட்டது. மூன்றே மாதத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம். அப்புறம் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து டிவியில் காட்டினார்கள். முதலில் ஒட்டிக் கிடந்த சிவப்பணுக்கள், பாயில் படுத்து எழுந்த பிறகு தனித்தனியாக ஓடின. நானே கண்ணால் பார்த்தேன்.

இதில் எவ்வளவு உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்படி365 (திருத்தணி)

வாங்காதே தம்பி. எங்கள் தெருவில் இதே மாதிரி ஒரு பாய் வாங்கினார்கள். இப்போது பரணில் கிடக்கிறது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கம்பிச்சுருள் (சித்தூர்)

மலைப்படி அண்ணா ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மின்சார வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இது வேலை செய்யும் விதத்தில் மாயம் ஒன்றும் கிடையாது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த விதிதான். காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால், அதற்குள் இருக்கும் மின்கடத்தியில் மின்னழுத்தம் பிறக்கும். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இந்த விதியால்தான். பாத்திரம் இருக்கும் இடத்தில் உங்கள் நைனாவின் முழங்காலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சூடாகாத அளவுக்குப் புலத்தைச் சிறியதாகவும் வேகத்தைக் குறைவாகவும் வையுங்கள். உடம்பில் உப்புநீர் இருக்கிறது, அது மின்சாரம் கடத்தும். காந்தப்புலம் தோல், தசை, மாவுக்கட்டு எதற்கும் நிற்காமல் உள்ளே போகும். போகிற இடத்தில் மிக மெல்லிய மின்னழுத்தத்தை எழுப்பும். அதனால்தான் அது துடிப்பாக வர வேண்டியிருக்கிறது. அசையாத காந்தத்தைக் காலில் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் இப்படி எதுவும் பிறக்காது. காந்த வளையல், காந்தச் செருப்பு விற்பவர்களை இதோடு சேர்க்க வேண்டாம்.

இப்போது அளவுக்கு வருவோம், கதையே அதில்தான் இருக்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா. ஆயிரம் மைக்ரோடெஸ்லா ஒரு மில்லிடெஸ்லா, ஆயிரம் மில்லிடெஸ்லா ஒரு டெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. முறிந்த எலும்பு ஒன்றுகூடுவதற்கு ஆஸ்பத்திரியில் தரும் கருவிகள் ஒன்றிரண்டு மில்லிடெஸ்லா, அதாவது அதைவிடப் பல மடங்கு. அதுவே திசுவில் எழுப்புவது சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான். நரம்பைத் தட்டி எழுப்ப இது போதவே போதாது. அதனால்தான் நைனாவுக்கு எதுவும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் இருப்பது 1.5 டெஸ்லா, ஆனால் அந்தப் பெரிய புலம் நிலையானது. மனச்சோர்வுக்குத் தலையில் வைக்கிறார்களே, அந்தக் காந்தச் சுருள் கிட்டத்தட்ட அதே அளவு வலிமையை ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் ஏற்றி இறக்கும். உச்சந்தலைக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினால் கைக் கட்டைவிரல் துள்ளும். இவை எல்லாவற்றையும் "காந்த சிகிச்சை" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றின் அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிறார்கள்.

பல பாய்கள் மைக்ரோடெஸ்லா கணக்கில்தான் வேலை செய்கின்றன. அதிலும் சுருளை விட்டு விலகினால் புலம் மளமளவென்று இறங்கும். 5 செ.மீ. ஆரம் உள்ள வளையம் என்றால், அதன் நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். 10 செ.மீ. தள்ளிப் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பாயில் மல்லாந்து படுத்தால் முழங்காலின் முன்பக்கம் சுருளிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

இரும்புக் கதை: ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஹீமோகுளோபினுக்குள் அணு அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஆணி மாதிரி காந்தத்தில் ஒட்டாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் உண்மையில் மெல்லத் தள்ளவே செய்கிறது. ஆக்சிஜன் இறங்கிய ரத்தத்தை மெல்ல ஈர்க்கிறது. பாலிங், கோரியல் என்ற வேதியியலாளர்கள் 1936இலேயே அளந்து காட்டியது இது. இரண்டும் ரத்த ஓட்டத்தைத் தொடக்கூட முடியாத அளவுக்குச் சிறியவை. இழுக்கும் என்றால் எம்.ஆர்.ஐ.க்குள் போன ஒருவரும் உயிரோடு வெளியே வர முடியாது.

பள்ளிப்பட்டு பிசியோ

கம்பிச்சுருள் சொன்ன இயற்பியல் சரி. முழங்காலைப் பற்றி நான் சொல்கிறேன்.

மூட்டுத் தேய்மானத்துக்கு இந்த சிகிச்சை வேலை செய்கிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்து, மருத்துவச் சான்றுகளை அலசும் கோக்ரேன் என்ற சர்வதேசக் குழு 2013இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஒன்பது ஆய்வுகள், 636 பேர். 100 புள்ளி வலி அளவுகோலில், போலிக் கருவி (பார்க்க அதே மாதிரி, ஆனால் ஓடாது) வைத்தவர்களைவிட உண்மைக் கருவி வைத்தவர்களுக்குச் சுமார் 15 புள்ளி கூடுதலாக வலி குறைந்தது. மிதமான பலன். ஆனால் நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாட இயக்கத்தில் தெளிவான முன்னேற்றம் கிடைக்கவில்லை. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்ததாகவும் அதில் இல்லை. ஆகவே "சுத்தப் பொய்" என்றும் நான் சொல்ல மாட்டேன், "மூட்டு புதிதாகிவிடும்" என்றும் சொல்ல மாட்டேன்.

உள்ளே என்ன நடக்கிறது? செல்லின் மேல் உறையில் அடினோசின் என்ற பொருளைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. அவற்றில் இரண்டு வகை, அழற்சியை அடக்கும் வேலையைச் செய்பவை. சரியான துடிப்பில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். கால்சியம் போக்குவரத்து, நைட்ரிக் ஆக்சைடு வழியாகவும் ஒரு விளக்கம் இருக்கிறது. வலி குறைவதற்கு இவை நம்பத்தக்க காரணங்கள்தான். ஆனால் தட்டில் வளர்த்த செல்லுக்கும், எழுபது கிலோ உடம்பில் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் இருக்கும் மூட்டுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

நைனாவுக்கு என்னிடம் வந்தால் முதலில் தொடைத் தசைக்குப் பயிற்சி, எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது, தறி முன்னால் ரப்பர் விரிப்பு, நடுநடுவே உட்கார ஒரு ஸ்டூல். ஒன்றரை லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது.

ரேணிகுண்டா லைன்

எல்லோரும் சேர்ந்து கழுவி ஊற்றுவதற்கு முன்னால் என் கதையையும் கேளுங்கள். லாரி மோதி முன்னங்கால் எலும்பு, அதாவது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, முறிந்தது. ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். மாதங்கள் ஓடியும் எலும்பு கூடவில்லை. எக்ஸ்ரேயில் கோடு அப்படியே இருந்தது. மறுபடி ஆபரேஷன் என்றார்கள். அதற்கு முன் இன்னொரு எலும்பு டாக்டர் ஒரு சுருள் கருவியைக் கொடுத்து, வீட்டில் தினமும் மணிக்கணக்கில் காலில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். மாட்டினேன். கூடிவிட்டது. இன்றைக்குப் பைக் ஓட்டுகிறேன். இதைப் பொய் என்பீர்களா?

கம்பிச்சுருள் (சித்தூர்)

பொய் என்று யார் சொன்னது? இந்த சிகிச்சை பிறந்ததே அந்த எலும்பில்தான்.

எலும்பை வளைத்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது என்று ஜப்பானில் ஃபுகாதாவும் யசுதாவும் 1957இல் காட்டினார்கள். பாரம் விழும் பக்கம் எலும்பு தடிப்பதற்கு இந்த மின்சாரம் ஒரு சைகையாக இருக்குமோ என்ற யோசனை அங்கிருந்து வந்தது. அவர்கள் அளந்தது உலர்ந்த எலும்பு. உயிருள்ள ஈர எலும்பில், நுண்குழாய்களில் ஓடும் திரவம் எழுப்பும் மின்னழுத்தம்தான் முக்கியம் என்பது பின்னால் தெரிந்தது. சரி, அந்தச் சைகையை வெளியிலிருந்தே கொடுத்தால் என்ன என்று கேட்டவர் கொலம்பியா பல்கலைக்கழகத்து எலும்பு மருத்துவர் ஆண்ட்ரூ பாசெட். 1974இல் அவர் குழுவின் கட்டுரை சயன்ஸ் இதழில் வந்தது. கூடாத எலும்புக்கு இந்தக் கருவியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1979இல் அனுமதித்தது. கழுத்து எலும்பு இணைப்பு ஆபரேஷனுக்குத் துணையாக 2004இல் இன்னொரு அனுமதி.

பள்ளிப்பட்டு பிசியோ

ரேணிகுண்டா அண்ணாவின் கால் கூடியதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க வேண்டாம்.

1984இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் 16 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லோருக்கும் கூடாத முன்னங்கால் எலும்பு. 9 பேருக்கு ஓடும் கருவி, 7 பேருக்கு வெறும் டப்பா. எல்லோருக்கும் மாவுக்கட்டு, காலை ஊன்றக் கூடாது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி கூடியது! ஒழுங்காக அசையாமல் வைத்திருந்ததே வேலையைச் செய்ததோ என்ற கேள்வி வந்தது. இதில் ஒரு வேடிக்கை. அந்த ஆய்வை நடத்திய ஆண்டனி பார்க்கர்தான் அடுத்த வருடம், 1985இல், மேலே சொன்ன தலைச் சுருளை உருவாக்கிக் காட்டியவர். காந்தத்தின் மேல் அவருக்கு விரோதம் எதுவும் இல்லை.

2011இல் கோக்ரேன் கூட்டிப் பார்த்தபோதும் கூடாத எலும்புக்கு நான்கு ஆய்வுகள், 125 பேர்தான் தேறினார்கள். பலன் இருக்கும் பக்கம் சாய்ந்தது, உறுதியாகச் சொல்லப் போதவில்லை. அதே வருடம் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் புதிதாக முறிந்த முன்னங்கால் உள்ள 259 பேர். மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்களின் அளவில் உண்மைக் கருவிப் பக்கத்துக்கும் போலிக் கருவிப் பக்கத்துக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே புது முறிவுக்கு இதை வாங்க ஓடாதீர்கள். மாதங்கள் போயும் அசையாத எலும்பு, மறுபடி கத்தி வைப்பதா என்ற கட்டத்தில், எலும்பு டாக்டர் சொன்னால் முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. முறிவில் இடைவெளி அதிகமாக இருந்தாலோ, முறிந்த இடம் சேராமல் மூட்டு மாதிரி அசையும் பொய் மூட்டாகவே மாறிப்போயிருந்தாலோ சுருள் உதவாது. பீடி பிடிப்பவர் முதலில் பீடியை விட வேண்டும். எலும்பு கூடுவதைத் தாமதிக்கும் காரணங்களில் அதற்கு முன்வரிசை.

சுருட்டப்பள்ளி சின்னம்மா

ஒரு சந்தேகம் தம்பி. எங்கள் பக்கம் கை கால் முறிந்தால் முதலில் புத்தூர் கட்டுதான். பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளை, மூங்கில் பட்டை, துணி. அந்தக் கட்டு மேலேயே இந்தச் சுருளை வைக்கலாமா?

பள்ளிப்பட்டு பிசியோ

காந்தப்புலத்துக்கு இலையும் மூங்கிலும் தடையே இல்லை சின்னம்மா. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எக்ஸ்ரே எடுத்து எலும்பு நேராக நிற்கிறதா என்று பார்த்தாயிற்றா? கோணலாக இருக்கும் எலும்பை எந்தச் சுருளும் நிமிர்த்தாது. விரல் மரத்துப் போனாலோ நீலம் பாய்ந்தாலோ எந்தக் கட்டாக இருந்தாலும் உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லேப் அக்கா (திருத்தணி)

அந்த ரத்த வித்தைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். தினமும் ஸ்லைடு பார்ப்பதுதான் என் பிழைப்பு.

சிவப்பணுக்கள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்காகச் சேர்வதை ரூலோ என்போம். சொட்டு கெட்டியாக இருந்தாலோ, ஸ்லைடில் கொஞ்ச நேரம் காத்திருந்தாலோ நல்ல ரத்தத்திலும் அடுக்கு தெரியும். மெல்லிசாக இழுத்த இடத்தில் அதே ரத்தம் தனித்தனியாகத் தெரியும். ஒரே ஸ்லைடை நகர்த்தி "முன்", "பின்" இரண்டையும் என்னால் காட்ட முடியும். பாயே வேண்டாம். முதல் சொட்டைப் பேசிக்கொண்டே ஆற விடுவார்கள், இரண்டாவதை உடனே பார்ப்பார்கள். கவனித்துப் பாருங்கள்.

எனக்குப் பயம் வேறு. அந்த ஊசி ஆளுக்கு ஒன்று புதிதாகப் பிரித்தார்களா? மண்டபத்தில் வரிசையாக நிற்க வைத்துக் குத்தும் இடத்தில் நான் விரலை நீட்டவே மாட்டேன்.

தறிச்சத்தம் (நகரி)

ஐயோ அக்கா, அதை நான் கவனிக்கவில்லையே! இனி நைனாவின் விரலைத் தொட விட மாட்டேன்.

நாசா விஷயம்?

கம்பிச்சுருள் (சித்தூர்)

நாசாவில் 2003இல் ஓர் அறிக்கை வந்தது உண்மை. ஆய்வகத்தில் வளர்த்த நரம்பு முன்னோடி செல்களை மாறும் மின்காந்தப் புலத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதில் நோயாளி ஒருவர்கூட இல்லை, பாயும் இல்லை. நாசா எந்தக் கம்பெனியின் பாய்க்கும் சர்டிபிகேட் கொடுக்கும் அலுவலகம் அல்ல.

"பூமியின் நாடித்துடிப்பு 7.83 ஹெர்ட்ஸ்" என்று சொல்லியிருப்பாரே? மின்னல்களால் தரைக்கும், உயரே வானில் மின்னேற்றம் கொண்ட அயனி மண்டலத்துக்கும் நடுவே எழும் அதிர்வு அது. ஷூமான் 1952இல் கணித்தார். இயற்கையில் அதன் வலிமை ஒரு பிக்கோடெஸ்லா அளவு, பூமியின் காந்தத்தில் நான்கு கோடியில் ஒரு பங்கு. அந்த எண்ணைப் பாயில் எழுதிவிட்டால் பாய்க்கு ஒன்றும் கூடுவதில்லை.

வடமாலை மருமகள்

என் மாமியாரும் அதே டெமோவுக்குப் போகிறார். அவருக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. உள்ளே விடும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. பரவாயில்லையா?

பள்ளிப்பட்டு பிசியோ

நாளையிலிருந்தே அனுப்பாதீர்கள் அம்மா. துடிக்கும் புலம் பேஸ்மேக்கரின் உணர்கம்பியில் மின்னழுத்தம் எழுப்பும். இதயம் தானே துடிக்கிறது என்று அது ஏமாந்து நின்றுவிடலாம், இல்லை தேவையில்லாமல் துடிப்புக் கொடுக்கலாம். பேஸ்மேக்கர் வைத்த டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அந்த மண்டபத்துப் பக்கமே வேண்டாம். இதுவரை போனதையும் அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள். நடுவே தலைசுற்றல், மயக்கம் வந்தால் செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி, காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி, இன்சுலின் பம்ப் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், உடம்பில் புற்றுக்கட்டி இருப்பவர்களும் தள்ளியே இருக்க வேண்டும். காலில் ராடு, தகடு இருந்தால் மில்லிடெஸ்லா கருவிக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எலும்புக் கருவி ராடு வைத்த காலிலேயே பயன்படுகிறது. தசை துள்ளும் அளவுக்கு அடிக்கும் டெஸ்லா எந்திரத்தை மட்டும் உலோகத்தின் மேல் வைக்கக் கூடாது, உலோகம் சூடாகும். வாசலிலேயே இதையெல்லாம் கேட்காத இடத்தை சிகிச்சை நடக்கும் இடம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வடமாலை மருமகள்

நன்றி சார். இப்போதே போன் செய்கிறேன்.

மலைப்படி365 (திருத்தணி)

சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம் என்று மேடையில் பேசுவது சட்டப்படியே தப்பு. 1954ஆம் வருடத்து மருந்து, மாய நிவாரண ஆட்சேபகர விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு, புற்று, ரத்த அழுத்தம், பக்கவாதம் எல்லாம் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது. சிகிச்சைக் கருவியைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் வேண்டும். 2017ஆம் வருடத்து மருத்துவக் கருவி விதிகள் சொல்வது இது. உரிம எண்ணைக் காட்டு என்று கேள் தம்பி.

தறிச்சத்தம் (நகரி)

ஒன்று புரியவில்லை. இவ்வளவும் சரி என்றால், நைனாவுக்கு நிஜமாகவே வலி குறைந்திருக்கிறதே? நடிக்கிற ஆள் இல்லை அவர்.

பள்ளிப்பட்டு பிசியோ

குறைந்திருக்கும். நான் நம்புகிறேன். தினமும் காலையில் தறிக்குப் போகாமல் மண்டபத்துக்கு நடந்து போகிறார். அரைமணி காலை நீட்டிப் படுக்கிறார். பழைய கூட்டாளிகள் நாலு பேர் பக்கத்தில். வலியைப் பற்றி ஒருவர் பொறுமையாகக் கேட்கிறார், நம் ஓ.பி.யில் அதற்கு நேரம் இல்லை. தேய்மான வலி தானாகவே ஏறி இறங்கும், ஏறிய நேரத்தில்தான் ஆட்கள் டெமோவுக்குப் போவார்கள். இதற்கெல்லாம் மேல் காந்தமும் கொஞ்சம் செய்திருக்கலாம். போலிக் கருவி வைத்து ஒப்பிடாமல் எவ்வளவு எதனால் என்று பிரிக்க முடியாது. அதனால்தான் போலிக் கருவியைவிட எத்தனை புள்ளி கூடுதல் என்று பார்க்கிறோம்.

ரேணிகுண்டா லைன்

இது நியாயமான பேச்சு. என் காலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார், எக்ஸ்ரே பார்த்துப் பார்த்து நிறுத்தச் சொன்னார். மண்டபத்தில் எக்ஸ்ரே யார் பார்க்கிறார்கள்?

தறிச்சத்தம் (நகரி)

இன்று நானே போய்க் கேட்டேன். எத்தனை மில்லிடெஸ்லா என்றேன். "ஹை பவர்" என்றார். சுருளிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் அளந்தது என்றேன். "நமக்கெதுக்கு அதெல்லாம், நம்பிக்கைதான் முக்கியம் பாபு" என்றார். உரிம எண் ஹெட் ஆபீசில் இருக்கிறதாம். பிடிக்காவிட்டால் திரும்ப எடுப்பீர்களா என்றதற்கு, அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தால் எடுப்போம் என்றார்.

பிரிக்காமல் எப்படிப் படுப்பது?

மலைப்படி365 (திருத்தணி)

அப்புறம்?

தறிச்சத்தம் (நகரி)

வாங்கவில்லை அண்ணா. நைனாவுக்குக் கோபம், சாப்பாட்டு நேரத்தில் பேசவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்த மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பிசியோ சார், சனிக்கிழமை தறிக்கு லீவு. அன்று பள்ளிப்பட்டுக்குக் கூட்டி வந்தால் பார்ப்பீர்களா? பழைய எக்ஸ்ரே கைவசம் இருக்கிறது.

பள்ளிப்பட்டு பிசியோ

பதினோரு மணிக்கு மேல் வாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். எக்ஸ்ரேவோடு சர்க்கரை ரிப்போர்ட்டும் எடுத்து வாருங்கள். அவர் தினமும் போடும் செருப்பையே போட்டு வரச் சொல்லுங்கள், குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.